முன்னால் புறப்பட்ட பெட்டி

திருவண்ணாமலை பஸ் நிலையத்துக்கு எழுபது எண்பதுகளில் வந்து போனவர்களில் சந்திரகலா அக்காவின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. குரலைக் கேட்காதவர்கள் யாரும் இல்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஒலிபெருக்கியில் அவர் ஆரம்பித்தால், வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பவன்கூட ஒரு நொடி கையை நிறுத்திவிட்டுக் கேட்பான். செங்கம், போளூர், வேட்டவலம், செஞ்சி என்று அவர் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, அந்த ஊரில் யாரோ நமக்காக உலை வைத்துக் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும். என் டீக்கடை அந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருந்தது. எனக்கு இடது காது மந்தமாகிப் போனதற்கு அக்காதான் காரணம் என்று என் மனைவி சொல்லுவாள். அந்தக் காதுப் பக்கமாக உட்கார்ந்து அவள் பேசும்போதெல்லாம் நான் அக்காவுக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொள்வேன்.

அக்காவின் வீட்டுக்காரர் சகாதேவன் அண்ணன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, கந்தூரி எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். பஸ் புறப்படும் நேரம் சொல்லி, நடுநடுவே ஜவுளிக்கடைக்கும் பல்பொடிக்கும் விளம்பரம் பேசும் வேலையையும் அவர்தான் எடுத்திருந்தார். பேசுவதற்கு வைத்த ஆளுக்கு முதல் வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. ஒரே ஒரு நாள்தானே என்று அக்கா வந்து உட்கார்ந்தார். அந்த ஆள் தொண்டை தேறித் திரும்பி வந்தபோது, டிரைவர் கண்டக்டர்களே அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊர் ஜனத்தையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்பிய அக்கா, தான் மட்டும் பஸ் ஏறி எங்கேயும் போனதில்லை. பிறந்ததும் இந்த ஊர், வாழ்க்கைப்பட்டதும் இந்த ஊர். கிரிவலத்துக்கு அடி அண்ணாமலை வழியாக நடந்து சுற்றி வருவதுதான் அவர் செய்த பெரிய பிரயாணம். தங்கை ஆதிலட்சுமியைச் சென்னையில் சைதாப்பேட்டையில் கொடுத்திருந்தார்கள். தங்கையின் மூத்த மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. அக்கா இன்னும் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஆசை இல்லாமல் இல்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை. மைக்குக்குப் பக்கத்தில் ஆணியில் பஞ்சாங்கம் தொங்கும். சென்னை வடக்கு என்பது அக்காவின் கணக்கு. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், ஆகாது. மற்ற நாளில் நல்ல நேரம் பார்த்தால், அந்த நேரத்தில் மைக்கை விட்டு எழுந்திருக்க முடியாது. எல்லாம் கூடிவந்த ஒரு நாளில் பையோடு படியிறங்கும்போது யாரோ ஒற்றைத் தும்மல் போட்டார்கள். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தவர், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. தும்மியது சகாதேவன் அண்ணன்தான் என்பது எங்கள் எல்லாருடைய சந்தேகம். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது.

"மெட்ராஸ் வண்டிய தெனம் நீங்கதான் அனுப்பறீங்க. ஒரு நாளு நீங்களும் ஏறிக்க வேண்டியதுதானே அக்கா" என்று நான் கிண்டல் செய்வேன்.

"நேரம் வரட்டும் மூர்த்தி. உன் கடையில கேட்ட டீ வர்றதுக்கு முன்னால அது வந்துடும்" என்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் இங்க்ரிட் வந்து சேர்ந்தாள். சுவீடன் தேசத்துப் பெண், கட்டடக் கலை படிக்கிறவள். கோடை விடுமுறையில் வெளிநாட்டில் போய்ப் படித்து வரவேண்டும் என்று அவளுடைய கல்லூரியில் ஏற்பாடு. கோபுரத்தையும் மண்டபங்களையும் அளந்து வரைந்துகொண்டு போக இங்கே வந்தாள். அவர்களுக்கு அது கோடை, நமக்கு ஆனி ஆடி. அக்கா வீட்டு மாடியறையில் தங்கினாள். இங்க்ரிட் என்ற பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. இங்கிரி என்று ஆக்கிக்கொண்டோம்.

காலையில் கோயிலில் அளப்பாள். வெயில் ஏறியதும் அறிவிப்பு அறைக்கு வந்து, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரைவாள். அங்கே கேட்டுக் கேட்டுத்தான் தமிழ் படித்தாள். அதனால் அவள் பேசியது முழுக்க பஸ் நிலையத் தமிழ். என் கடைக்கு வந்து, "டீ இன்னும் சற்று நேரத்தில் புறப்படுமா?" என்பாள். குளிக்கப் போகும் முன்னால், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இங்கிரி குளியலறை செல்கிறாள்" என்று மாடியிலிருந்து சொல்லிவிட்டுத்தான் இறங்குவாள். அதே தெருவில் வடக்கே தள்ளி முன்னி பேகம் வீடு. அவருடைய வீட்டுக்காரர் பீர் முகம்மது பாய் தகரப் பெட்டி வியாபாரி. நோன்பு மாசத்தில் முன்னி பேகம் கஞ்சியை ஊற்றிக்கொண்டே இருக்க, வயிறு நிறைந்துபோன இங்கிரி, "இடமில்லை, அடுத்த வண்டியில் வரவும்" என்று கிண்ணத்தை மூடினாளாம். முன்னி பேகம் அதைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. அவரும் அதைப் பற்றிப் பேசினதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கோடை முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். பல்பொடி விளம்பரம்கூடப் பாட்டுப் போலக் கேட்டது.

ஆவணி பிறந்ததும் இங்கிரி புறப்பட வேண்டிய நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்னையில் விமானம், பம்பாய் போய் அங்கிருந்து அவள் நாட்டுக்கு. அக்கா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். செவ்வாய், வடக்கே சூலம். காலை பஸ் புறப்படும் நேரம் சரியாக எமகண்டம்.

"ஏரோப்ளேன் விடறவனுக்குப் பஞ்சாங்கம் கெடையாதா?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் அந்தக் கம்பெனி முதலாளி போல.

டிக்கெட்டை மாற்ற முடியாது என்று தெரிந்ததும் அக்கா பரஸ்தானம் வைப்பது என்று முடிவு செய்தார். நல்ல நேரத்தில் ஆள் கிளம்ப முடியாவிட்டால், ஆளுடைய பொருள் ஒன்றை நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியேற்றி, போகிற திசையில் இன்னொரு வீட்டில் வைத்துவிடுவார்கள். பொருள் புறப்பட்டால் ஆள் புறப்பட்ட கணக்கு. பிறகு எமகண்டத்தில் கிளம்பினாலும் தோஷம் இல்லை, போகிற வழியில் பொருளை எடுத்துக்கொண்டு போகலாம். எடுத்து வைத்த பொருள் மறுபடி வீட்டுக்குள் வரக்கூடாது, அது ஒன்றுதான் கட்டுப்பாடு.

"ஏதோ ஒரு துணிய வெச்சா ஆவாது. எது இல்லேன்னா நீ ஊரு போய்ச் சேர முடியாதோ, அத வெய்யி" என்று அக்கா சொன்னார்.

இங்கிரி கெட்டிக்காரி, நன்றாக யோசித்தாள். பாஸ்போர்ட், விமான டிக்கெட், கோடை முழுக்க வரைந்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு சின்னத் தோல் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ஞாயிறு காலை நல்ல நேரத்தில் அக்கா அந்தப் பெட்டியை எடுத்துப் போய் முன்னி பேகத்தின் கையில் கொடுத்தார்.

"அண்ணன் பொண்ணுக்கு நாளைக்கு நிக்கா. மத்யானம் கீழ்பென்னாத்தூர் போறேன், திங்கக்கெழம ராத்திரி வந்துடுவேன்" என்றார் முன்னி பேகம். "பெட்டியப் பத்திக் கவலப்படாதீங்க சந்திராம்மா. இது எங்கிட்ட அமானத்து."

அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். அந்தக் கல்யாணத்துக்கும் குழாய் கட்டப் போனது சகாதேவன் அண்ணன்தான். எல்லாம் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று அக்காவுக்கு ஒரே பெருமை.

திங்கள் இரவு முன்னி பேகம் வரவில்லை. செவ்வாய் விடிந்தபோதும் அந்த வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டை உடைத்துவிடலாமா என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பச்சையம்மாள் பூக்கூடையோடு வந்தார்.

"ஒடச்சி இன்னா பண்ணப் போறீங்க? பெட்டிய ஞாயித்துக்கெழமையே பாய் தலையில வெச்சி எடுத்துகினு போயிட்டாரே. அமானத்த ஆளில்லாத வூட்ல தனியா வுட்டுட்டுப் போவக் கூடாதுன்னு அந்தம்மா சொல்லிச்சி" என்றார்.

அக்கா பச்சையம்மாள் வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நேரம் பாக்கறேன் நேரம் பாக்கறேன்னு நானே அந்தப் பொண்ணு பயணத்தக் கெடுத்துட்டேன்" என்றார். பாஸ்போர்ட் இல்லாமல் போனால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், விட்டால் அடுத்த டிக்கெட்டுக்கு வழியில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். பதறாமல் நின்றவள் இங்கிரி ஒருத்திதான்.

"பெட்டி எந்த வழியாகச் செல்கிறது?" என்று கேட்டாள்.

"கீழ்பென்னாத்தூர் வழியா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சென்னை பஸ் கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் வழியாகத்தான் போகும். அதை அக்கா தினமும் மைக்கில் சொல்லி நான் மந்தக் காதால் கேட்டிருக்கிறேன். பெட்டி உண்மையிலேயே பயணம் புறப்பட்டுப் போய், பாதி வழியில் கல்யாண விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

முதல் செஞ்சி வண்டி கண்டக்டர் சடையனைப் பிடித்தோம். சகாதேவன் அண்ணன் கல்யாணப் பந்தலில் இருப்பார், பெட்டியோடு முன்னி பேகம் மெயின் ரோட்டில் நிற்கவேண்டும் என்று அவரிடம் சொல்லச் சொல்லி அனுப்பினோம். பிறகு சென்னை வண்டி டிரைவர் ஆதிமூலத்திடம் விஷயத்தைச் சொன்னோம். அவர் நிதானமான ஆள். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து பேசினார்.

"நிறுத்தறேன். ஆனா சேதி போய்ச் சேரலைன்னா நான் ரொம்ப நேரம் நிக்க முடியாது. இந்தப் பொண்ண ரோட்ல தனியா எறக்கி வுட்டுட்டுப் போவ எனக்கு மனசு வராது. கூட ஒருத்தர் வந்தா ஆவும்."

நான் வருகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அக்கா என்னைத் தடுத்தார்.

"பெட்டிய வெக்கச் சொன்னது நானு. நான்தான் போவணும்."

அறிவிப்பு அறைக்குள் போனவர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். செவ்வாய், சூலம், எமகண்டம் மூன்றும் அப்படியேதான் இருந்தன. அவர் பஞ்சாங்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார். வீட்டில் போட்டிருக்கும் செருப்போடு, கையில் ஒரு பைகூட இல்லாமல் பஸ்ஸில் ஏறினார். வடக்கே சூலத்துக்குப் பால் பரிகாரம் என்று எனக்கு ஞாபகம் வர, கடைக்கு ஓடி ஒரு கிளாஸ் பால் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினேன். நான் அவசரமாக நீட்டியதில் பாதி என் சட்டையிலேயே கொட்டியது. மீதியைக் குடித்தார். "சக்கர கம்மி" என்றார்.

அப்புறம் நான் மைக்கைப் பிடித்தேன். எத்தனை வருஷம் கேட்டும் முதல் வரியைத் தாண்டி எனக்கு ஒன்றும் வரவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மெட்ராஸ் வண்டி கெளம்புது. நம்ம சந்திரகலா அக்கா அதுல போறாங்க. கொஞ்சம் வழி வுடுங்க" என்றேன். பஸ் நிலையம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷம் குரலை மட்டும் கேட்டவர்கள், இவங்கதானா என்று ஜன்னலோரம் வந்து நின்று முகத்தைப் பார்த்தார்கள். வேர்க்கடலைக்காரர் கை தட்ட, பின்னால் எல்லாரும் தட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவேதான் அந்த வண்டி புறப்பட்டது.

கீழ்பென்னாத்தூர் வரை நடந்ததை எனக்குச் சொன்னவர்கள் மூன்று பேர்: ஆதிமூலம், முன்னி பேகம், அக்கா. மூன்றும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். ஊர் எல்லை தாண்டும் வரை அக்கா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பிறகு திறந்தார். திறந்ததும் ஒவ்வொரு நிறுத்தத்தின் பெயரையும் வண்டி நிற்கும் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்தார். ஒன்றையும் அதுவரை பார்த்ததில்லை, ஆனால் எல்லாம் வரிசையாகத் தெரியும். அன்றைக்கு அந்த வண்டிக் கண்டக்டருக்குக் கத்த வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது தூரத்திலிருந்தே குழாய்ச் சத்தம் கேட்டது. பாட்டை நிறுத்திவிட்டு சகாதேவன் அண்ணன் பேசிக்கொண்டிருந்தார். "முன்னி பேகம் அவர்கள் எங்கிருந்தாலும் சுவீடன் பெட்டியுடன் உடனடியாக மெயின் ரோட்டுக்கு வரவும்." சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் இங்கிரி அக்காவைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் விஷயம் என்னவென்று தெரியாமலே சிரித்தார்கள்.

மெயின் ரோட்டில் முன்னி பேகம் தனியாக நிற்கவில்லை. அறிவிப்பைக் கேட்டு, சுவீடன் பெட்டி என்றால் என்னவென்று பார்க்கக் கல்யாண வீடே எழுந்து வந்திருந்தது. தோல் பெட்டியைப் பச்சை ஜரிகைத் துணியில் சுற்றி, மேலே ஒரு முழம் மல்லிகை வைத்து, பீர் முகம்மது பாய் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தார். நிக்காவுக்கு மறுநாள் நடக்கும் வலிமா விருந்துக்கு இருந்தே ஆகவேண்டும் என்று முன்னி பேகத்தை அவருடைய அண்ணன் பிடித்து வைத்துக்கொண்டாராம், அதனால்தான் வர முடியவில்லையாம்.

"பெட்டிய ஏன்க்கா தூக்கிகினு வந்தீங்க?" என்று அக்கா கேட்டார்.

"அமானத்த வெறும் வூட்ல வெச்சிப் பூட்டிட்டு நான் இங்க பிரியாணி துன்னா எனக்கு எறங்குமா? ரெண்டு ராத்திரியா தலமாட்டுல வெச்சித்தான் தூங்கறேன்" என்றார் முன்னி பேகம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பெட்டியில் என்ன இருந்தது என்று தெரிந்ததும் சிரிப்பு நின்று, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் மறுபடி சிரித்தார்.

இங்கிரி பெட்டியைத் திறந்து பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. மணமகளின் அம்மா ஒரு தூக்குச் சட்டி நிறைய பிரியாணியை வண்டிக்குள் வைத்தார். ஆதிமூலம் ஹாரன் அடித்தார். வந்த வேலை முடிந்தது, அக்கா இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். இறங்கியும் விட்டார். கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சாப்புடு, ஒழுங்கா சாப்புடு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போது இங்கிரி எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அக்காவின் குரலிலேயே சொன்னாள்:

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சந்திரகலா அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வண்டியில் ஏறவும். இவ்வண்டி அவர் இல்லாமல் புறப்படாது."

ஆதிமூலம் எஞ்சினை அணைத்துவிட்டார். அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை அவர்.

"மாத்துப் பொடவகூட இல்லடி" என்றார் அக்கா. முன்னி பேகம் தன் அண்ணன் வீட்டுக்கு ஆளனுப்பி, கல்யாணத்துக்கு வந்த புடவையில் ஒன்றை மஞ்சள் பையோடு வரவழைத்துக் கொடுத்தார். அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். சகாதேவன் அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்து மூக்கு நமநமத்திருக்கிறது. முன்னி பேகம் கவனித்துவிட்டார். "தும்முனீங்கன்னா கெட்ட கோவம் வரும் எனக்கு" என்றார். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டே, "போய்ட்டு வா சந்திரா. நான் கல்யாண வூட்லயே சாப்ட்டுக்கறேன்" என்றார். அக்கா ஏறினார்.

மீனம்பாக்கத்தில் இறங்கி விமான நிலையத்துக்குள் போனார்கள். பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து இருவரும் ஒரே சட்டியில் பிரியாணி சாப்பிட்டார்கள். விமானத்தில் ஏறச் சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள், இங்கிரி எழுந்தாள். அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் சொன்ன கடைசி வார்த்தையை மட்டும் அக்கா யாரிடமும் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. தான் அழவே இல்லை என்பது அக்கா சொன்னது. அன்று மாலை சைதாப்பேட்டை வீட்டு வாசலில் தூக்குச் சட்டியோடு வந்து நின்ற அக்காவின் கண் கோவைப்பழமாக இருந்தது என்பது ஆதிலட்சுமி சொன்னது.

ஒரு வாரம் கழித்து ஊர் திரும்பியவர் என் கடையில் வந்து உட்கார்ந்தார். முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்லவில்லை. "அங்கயும் ஒரு பொண்ணு மைக்ல சொல்லுது மூர்த்தி. நல்ல கொரலு. ஆனா போறவங்க மேல அதுக்கு ஒரு பாசம் இல்ல" என்றார். நான் ஒரு வாரம் மைக் பிடித்த லட்சணத்தைப் பற்றியும் கேட்டார். வேட்டவலம் வண்டியில் போளூர்க்காரர்கள் ஏறிய கதையை நான் சொல்லவில்லை.

பஞ்சாங்கத்தை அக்கா மறுபடி நேராகத் திருப்பி மாட்டினார். நம்பிக்கை போய்விட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். அடுத்த நல்ல நாளில், நல்ல நேரத்தில், அந்த மஞ்சள் பையில் இரண்டு புடவையும் ஒரு சீப்பும் வைத்துக் கொண்டுபோய் முன்னி பேகத்தின் கையில் கொடுத்தார். தனக்கான பரஸ்தானம். எந்த ஊருக்கு என்று முன்னி பேகம் கேட்டதற்கு, "எந்த ஊருக்கோ. எப்பவும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றிருக்கிறார். பை கிளம்பிவிட்டது, ஆகவே அக்காவும் கிளம்பிவிட்ட கணக்கு. இனி எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் பஸ் ஏறலாம், தும்மினாலும் தோஷமில்லை. இத்தனை வருஷமாக இது தோன்றாமல் போயிற்றே என்று எங்களிடம் வருத்தப்பட்டார்.

பையை வெறும் வீட்டில் விட்டுப் போகிற வழக்கம் முன்னி பேகத்துக்குக் கிடையாது. அவருக்கு எல்லா ஊரிலும் சொந்தம், வருஷம் முழுக்கக் கல்யாணம். பை அவரோடு ஆற்காடு போயிற்று, ஆம்பூர் போயிற்று, வாணியம்பாடி போயிற்று. அதை வாங்கிவரும் சாக்கில் அக்காவும் பின்னாலேயே அந்த ஊருக்கெல்லாம் போய்வந்தார். வாங்கி வந்து, தன் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், மறுபடியும் முன்னி பேகத்திடமே கொடுத்தார். சுவீடனிலிருந்து இங்கிரி எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், "அக்கா, பை தற்போது எந்த ஊரில் நிற்கிறது?" என்று ஒரு வரி இருக்கும். அக்கா இல்லாத நாளில் மைக் என் கையில் இருக்கும். வந்து விசாரிக்கிற டிரைவர்களிடம், பை ஆம்பூரில் இருக்கிறது, அக்கா எடுத்துவரப் போயிருக்கிறார் என்று சொல்வேன். எனக்கு அதைச் சொல்வதில் அத்தனை சந்தோஷம்.